பினாங்கில் முன்னாள் டிபிபி ஒருவரிடம் வழக்கைக் கொடுத்த அனுபவம்

பினாங்கு லெபோ லைட்டில் உள்ள நீதிமன்றக் கட்டடத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இயங்கும் சிறிய வழக்கறிஞர் அலுவலகத்துக்கு என் தங்கையின் குடும்பம் ஏறத்தாழ ஏழு மாதங்கள் வாடிக்கையாளராக இருந்தது. வழக்கு முடிந்து கடைசி ரசீதும் கைக்கு வந்துவிட்டதால், அந்தச் சேவை கொடுத்த பணத்துக்குத் தகுந்ததா என்பதை இப்போது எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயரையோ வழக்கறிஞரின் பெயரையோ குறிப்பிடப் போவதில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனின் வழக்கு இது என்பதால், அந்தப் பெயர்களைச் சொன்னால் அவனையும் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். ஆனால், முன்பு அரசு தரப்பில் துணை வழக்கறிஞராக, நம் பேச்சில் சொன்னால் டிபிபியாக, இருந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வழக்கறிஞரைத் தேடிப் போகிறவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். அந்தப் பின்னணி எங்கே கைகொடுத்தது, எங்கே கைகொடுக்கவில்லை என்பதுதான் இந்த மதிப்பீட்டின் பொருள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை இரவு, சாப்பாட்டுக் கடை ஒன்றின் வாசலில் மோட்டார் சைக்கிள் நிறுத்துவது தொடர்பாக எழுந்த வாய்ச்சண்டை கைகலப்பாகி, எதிர்த்தரப்பு இளைஞர் ஒருவருக்கு நெற்றியில் நான்கு தையல் போடும்படி ஆயிற்று. தங்கை மகனையும் அவனுடைய நண்பர்கள் இருவரையும் போலீஸார் அன்றிரவே கைது செய்தனர். தலைக்கவசத்தால் அடித்ததாகப் புகாரில் இருந்ததால், தண்டனைச் சட்டத்தின் 324ஆவது பிரிவின் கீழ் விசாரணை தொடங்கியது. ஆபத்தான கருவியால் காயம் விளைவிப்பதைப் பற்றிய அந்தப் பிரிவுக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு; கருவி எதுவும் இல்லாமல் காயம் விளைவிப்பதைச் சொல்லும் 323க்கோ அதிகபட்சம் ஓராண்டுச் சிறை அல்லது 2,000 ரிங்கிட் அபராதம் அல்லது இரண்டும். 324இலிருந்து 323க்கு இறங்கி வருவதற்குத்தான் அந்த ஏழு மாதங்கள் பிடித்தன.

நள்ளிரவு தாண்டி, என் மைத்துனரின் தேநீர்க்கடை நண்பர் ஒருவர் தொலைபேசி எண் ஒன்றை அனுப்பினார். "அந்தம்மா பழைய டிபிபி, அண்ணே. உள்ள எல்லாரையும் தெரியும். ஒரு போன் அடிச்சாப் போதும், பையன் வெளிய வந்துருவான்" என்பது அவர் தந்த உத்தரவாதம். நம் ஊரில் வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் வழி பெரும்பாலும் இதுதான். வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்வதற்கு 2001ஆம் ஆண்டின் விளம்பர விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. ஆகவே அவர்களுடைய கதை பலகைகளில் வராது, தேநீர்க்கடைகளிலும் கோயில் மண்டபங்களிலும்தான் வளரும். வளரும்போது கொஞ்சம் கூடியும் போகும்.

வழக்கறிஞர் மறுநாள் காலை எட்டு மணிக்கே, ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல், வந்துவிட்டார். ஐம்பதை நெருங்கும் வயது, கறுப்புக் கோட்டு, கையில் ஒரு பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம்; அதில்தான் குறிப்பெடுப்பார். கைதான நேரம் என்ன, காரணம் சொல்லப்பட்டதா, பையன் ஏதாவது வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டானா என்று மூன்றே கேள்விகள் கேட்டார். அழுதுகொண்டிருந்த தங்கையிடம் ஆறுதலாக அவர் அதிகம் பேசவில்லை என்பதை அன்று குறையாக நினைத்தேன். மைத்துனர் தயங்கித் தயங்கி அந்தத் தொலைபேசி விஷயத்தை எடுத்தார். அவர் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை: "ஐயா, என்னைத் தெரிஞ்ச டிபிபிகிட்ட நான் போன் போட்டேன்னா, அவர் முதல்ல செய்ய வேண்டியது இந்த ஃபைலை வேற ஆளுக்கு மாத்துறதுதான். நான் அங்க இருந்திருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன். போன் வேணும்னா வேற லோயரைப் பாருங்க."

மைத்துனர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறு எண் எங்கள் கையில் இல்லை.

அன்று காலை தடுப்புக் காவல் விண்ணப்பம் மாஜிஸ்திரேட் முன் வந்தது. கைதான ஒருவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி சொல்கிறது. அதற்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவின்படி அனுமதி பெற வேண்டும். பதினான்கு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு முதல் விண்ணப்பத்தில் அதிகபட்சம் நான்கு நாள், இரண்டாவதில் மூன்று நாள். போலீஸ் நான்கு நாள் கேட்டது. வழக்கறிஞர், கண்காணிப்புக் கேமரா பதிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது, தலைக்கவசம் கைப்பற்றப்பட்டுவிட்டது, மூவரின் வீட்டு முகவரியும் உறுதியாகிவிட்டது, மீதி விசாரணைக்கு எத்தனை நாள் வேண்டும் என்ற அளவில் மட்டும் பேசினார். இரண்டு நாள் கிடைத்தது. தங்கையின் மாமனாருக்கு அதில் திருப்தி இல்லை. ஜெலுத்தோங் புலி என்று பெயரெடுத்த வழக்கறிஞர் கர்ப்பால் சிங்கின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் என்றால் கூரை அதிர வேண்டாமா, இந்தம்மா கிசுகிசுக்கிறாரே என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த அலுவலகம் பார்வைக்கு எந்த நம்பிக்கையையும் தராது. செங்குத்தான மரப் படிக்கட்டு. முட்டிவலி உள்ள பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மேலே ஏறினால் இரண்டு அறை, ஒரு கிளார்க், ஓர் இளம் வழக்கறிஞர், சுவரெல்லாம் கோப்பு அலமாரி. சுவரில் பட்டச் சான்றிதழ்களுக்குப் பதிலாக, ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய குழுப் படம் மாட்டியிருந்தது. அவருடைய பின்னணியை அவர் வாயால் கேட்டது குறைவு; கிளார்க் அக்காள் சொல்லித்தான் தெரிந்தது. செபராங் பிறை தென்பகுதியில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனைக்கு மாறியவர். தமிழ்ப்பள்ளி முடித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய்மொழியோடு போராடி, இடைநிலைப் பள்ளி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் என்று வந்திருக்கிறார். பிறகு அரசாங்கச் சட்டச் சேவையில் சேர்ந்து ஒன்பது ஆண்டு மூன்று மாநிலங்களில் டிபிபி. அவர் சேர்ந்த காலத்தில் நீதித்துறையும் சட்டத்துறையும் ஒரே சேவையாக இருந்தன; இன்று மாஜிஸ்திரேட்டாக இருப்பவர் நாளை டிபிபியாக மாற்றப்படலாம், அதற்கடுத்த ஆண்டு ஏதாவது அமைச்சில் சட்ட ஆலோசகராக உட்காரலாம். பிள்ளைகளின் பள்ளியை மாற்றி மாற்றி அலுத்துப்போய், சேவையிலிருந்து விலகி இங்கே அலுவலகம் திறந்தாராம்.

குற்றச்சாட்டு வாசிக்கப்பட்ட பிறகு, முதல் மென்ஷன் நாளில், அதாவது வழக்கை அழைத்து அடுத்த தேதி குறிக்கும் நாளில், எங்கள் வழக்கு அழைக்கப்படுவதற்காக மூன்று மணி நேரம் தாழ்வாரத்தில் காத்திருந்தோம். ஒன்பது மணி என்று போட்டிருந்தால் ஒன்பது மணிக்கே போய்விட வேண்டும், ஆனால் பதினொன்றரைக்குத்தான் பெயர் வரும். நீதிமன்றம் போனவர்களுக்கு இது புதிதல்ல. எனக்கு உறுத்திக்கொண்டிருந்த ஒரு கேள்வியை அப்போதுதான் கேட்டேன்: எங்கள் பையனைக் குற்றஞ்சாட்டுவதா, எந்தப் பிரிவில் குற்றஞ்சாட்டுவது என்றெல்லாம் முடிவு செய்கிறவர் யார், அவரைப் பற்றி நாங்கள் என்ன தெரிந்துகொள்ள முடியும்? அவர் சிரித்துவிட்டு, "அமெரிக்காவா இருந்தா அவரே உங்க வீட்டுக்கு வந்து தன் கதையைச் சொல்லி ஓட்டுக் கேட்டிருப்பார், சார். இங்க கடிதத்துக்குக் கீழ இருக்கிற கையெழுத்துதான் நமக்குத் தெரிஞ்ச ஆள்" என்றார். பிறகு கமலா ஹாரிஸ் இஸ்திரிப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓட்டுக் கேட்ட கதையைச் சொன்னார். வீட்டுக்கு வந்தபின் நானும் அதைத் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி, கனெடிகட், அலாஸ்கா போன்ற சில மாநிலங்களைத் தவிர்த்து, மற்ற பெரும்பாலான இடங்களில் உள்ளூர்த் தலைமை அரசு வழக்கறிஞரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கமலா ஹாரிஸ் 2003இல் சான் பிரான்சிஸ்கோவில் அந்தப் பதவிக்குத்தான் முதன்முதலில் தேர்தலில் நின்றார். 2020இல் அவர் துணை அதிபராகத் தேர்வானபோது திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்துக் கொண்டாடிய படங்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஊர் அவருடைய தாய்வழித் தாத்தா கோபாலனின் பூர்வீகம். அம்மா சியாமளா 1958இல், பத்தொன்பது வயதில், பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போய், பின்னர் மார்பகப் புற்றுநோய் ஆய்வாளரானவர். மகள் 1990இலிருந்து அலமேடா கவுண்டியில் எட்டு ஆண்டு துணை அரசு வழக்கறிஞராக இருந்துவிட்டு, 1998இல் சான் பிரான்சிஸ்கோவின் தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். அந்த அலுவலகத்தின் தலைவர் டெரன்ஸ் ஹாலினன். ஐந்தாண்டு கழித்து அந்த ஹாலினனை எதிர்த்தே நின்றார் என்பது, மேலதிகாரிக்கு எதிரில் குரலைத் தாழ்த்திப் பழகிய நமக்குச் சற்று வியப்பாகத்தான் இருக்கும்.

தேர்தல் அலுவலகத்தை அவர் வசதியானவர்கள் வாழும் பகுதியில் திறக்காமல், கறுப்பின மக்கள் மிகுந்த பேவியூவில் திறந்தார். சூப்பர்மார்க்கெட் வாசலில் இஸ்திரிப் பலகையை விரித்து, அதையே மேசையாக்கித் துண்டறிக்கைகளை அடுக்கி, வருவோர் போவோரிடம் பேசினார். பிரச்சாரம் அவருக்கு இனிப்பாக மட்டும் இருக்கவில்லை. அன்றைய மேயர் வில்லி பிரவுனோடு அவருக்கு முன்பு இருந்த உறவை எதிர்த்தரப்பு கிளறியது; மேயரின் செல்வாக்கு தன் மேசைக்கு வராது என்று அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் தேநீர்க்கடை நண்பர் எதைத் தகுதியாக நினைத்தாரோ, அந்த "எல்லாரையும் தெரியும்" என்பதே அங்கே குற்றச்சாட்டாக எழுந்தது. நவம்பரில் மும்முனைப் போட்டியில் இரண்டாவதாக வந்து, டிசம்பர் இறுதிச் சுற்றில் 56 விழுக்காட்டுக்குச் சற்று மேல் பெற்று ஹாலினனை வென்றார். மரண தண்டனை கோர மாட்டேன் என்பது அவர் கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று. பதவியேற்ற சில மாதங்களிலேயே, 2004 ஏப்ரலில், போலீஸ் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மரண தண்டனை வேண்டும் என்று போலீஸ் சங்கமும் பெரிய அரசியல்வாதிகளும் கேட்டபோதும் ஹாரிஸ் வாக்கை மாற்றவில்லை. அதற்காக வசைபட்டார். ஆனாலும் 2007இல் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

இங்கே அப்படி ஒரு மேடை கிடையாது. நம் அரசியலமைப்பின் 145ஆவது விதிப்படி, பிரதமரின் ஆலோசனையின் பேரில் மாமன்னர் சட்டத்துறைத் தலைவரை நியமிக்கிறார். ஷரியா நீதிமன்றம், பூர்வகுடி நீதிமன்றம், ராணுவ நீதிமன்றம் ஆகியவை நீங்கலாக, எந்தக் குற்ற வழக்கையும் தொடுக்கவும் நடத்தவும் நிறுத்தவும் அந்த விதியின் 3ஆவது உட்பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 376ஆவது பிரிவு அவரையே தலைமை அரசு தரப்பு வழக்கறிஞர் என்கிறது. அந்த இரண்டு பொறுப்புகளையும் இரு வேறு ஆட்களிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. நான் படித்த அளவில் அந்தப் பேச்சிலும் வாக்குச்சீட்டுக்கு இடமில்லை. மாநிலத்தில் அரசு தரப்பு வழக்குகளைக் கவனிக்கும் இயக்குநரும் நியமிக்கப்படுகிறவர்தான். தேர்தல் இருந்திருந்தால் நமக்கு நல்லதா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் உண்டு. ஓட்டுக்கு நிற்கிற ஒருவர், தெருச் சண்டையில் சிக்கிய மூன்று இந்திய இளைஞர்களின் கோப்பைப் பெருந்தன்மையோடு திறந்து பார்ப்பாரா, அல்லது "குண்டர் கும்பலை ஒடுக்கினேன்" என்று சுவரொட்டி அடிப்பாரா? ஆனாலும், யாரிடம் கடிதம் எழுதுகிறோம் என்றே தெரியாமல் எழுதுவதும் எளிதாக இல்லை.

அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் கொடுத்த பணத்தின் மதிப்பு முழுவதும் அதில்தான் இருந்தது. நீதிமன்ற வட்டாரத்தில் அதை ரெப்ரெசன்டேஷன் என்கிறார்கள்: குற்றச்சாட்டைக் கைவிடும்படியோ குறைக்கும்படியோ அரசு தரப்புக்கு எழுதும் விண்ணப்பம். தங்கை அதற்காக ஒரு கட்டுக் காகிதம் சேர்த்து வைத்திருந்தாள். பையன் தைப்பூசத்தில் தண்ணீர்மலைச் சாலைத் தண்ணீர்ப்பந்தலில் ஆண்டுதோறும் தொண்டு செய்பவன் என்று கோயில் நிர்வாகம் தந்த கடிதம், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் தந்த நற்சான்று, தொழிற்கல்லூரிச் சான்றிதழ், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த நியமனக் கடிதம், பாட்டியின் மருந்துச் செலவுக்கு அவன்தான் பணம் தருகிறான் என்பதற்கு வங்கி அறிக்கை. ஒரு தாய்க்குத் தோன்றக்கூடிய எல்லாமே இருந்தன. வழக்கறிஞர் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, தனியாக ஒரு கோப்பில் வைத்துவிட்டு, கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட வராது என்றார்.

தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் பொறுமையாக விளக்கினார். டிபிபியின் மேசையில் ஒரு நாளைக்கு எத்தனையோ கோப்புகள் வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரு நல்ல பிள்ளை இருக்கிறான், ஒரு நோயாளிப் பாட்டி இருக்கிறார். அவர் அந்த மேசையில் இருந்தபோது அப்படிப்பட்ட பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவாராம். இரக்கம் இல்லாததால் அல்ல, அந்தக் கட்டத்தில் அவர் முன் இருக்கும் கேள்வி அது இல்லை என்பதால். சாட்சியங்களை வைத்து 324ஐ நிரூபிக்க முடியுமா என்பதே டிபிபியின் கேள்வி. பையன் யார் என்பது தண்டனை விதிக்கும் மாஜிஸ்திரேட்டின் கேள்வி. இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், சாட்சியம் பலவீனமாக இருப்பதால்தான் கண்ணீரைக் காட்டுகிறார்கள் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார் என்றார்.

அவர் எழுதிய கடிதம் மூன்றே பக்கம். விசாரணைக்கு முன் 51ஏ பிரிவின்படி அரசு தரப்பு எங்களிடம் ஒப்படைத்த ஆவணங்களையும் கேமரா பதிவையும் வைத்துக்கொண்டு, நிமிடம், விநாடி கணக்கில் எழுதியிருந்தார். தலைக்கவசம் எந்தக் கையில் எந்த விநாடியில் தெரிகிறது, தங்கை மகன் அந்த நேரத்தில் சட்டகத்தின் எந்த மூலையில் நிற்கிறான், காயமடைந்தவரின் மருத்துவ அறிக்கை காயத்தின் வடிவத்தைப் பற்றி என்ன சொல்கிறது, முதல் புகாரில் தலைக்கவசம் என்ற சொல்லே இல்லாமல் இரண்டாவது வாக்குமூலத்தில்தான் அது வருகிறது என்பவை அதில் இருந்தன. பையன் கையால் அடித்ததை அந்தக் கடிதம் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும் என்று மைத்துனர் வாதாடினார். பதிவில் தெளிவாகத் தெரிவதை மறுத்தால் மற்ற இரண்டு பக்கத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவருடைய பதில். அரசு தரப்பில் ஒன்பது ஆண்டு இருந்த பின்னணி எங்களுக்கு வேலை செய்த இடம் இதுதான். எதிர்நாற்காலியில் இருப்பவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார், எங்கே நிறுத்துவார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பதில் வர நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் இரண்டு மென்ஷன். இரண்டிலும் "இன்னும் பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வாசகம். ஒவ்வொரு முறையும் பையன் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும், நாங்கள் கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். நீதிமன்றத்துக்கு எதிரில், 1869இல் இறந்துபோன ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற வழக்கறிஞருக்கு எழுப்பிய பளிங்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஐரோப்பியர் அல்லாத மக்களின் உரிமைக்காக நின்றவர் என்பதால் ஊரே நன்றி பாராட்டிய மனிதர். காத்திருந்த நாட்களில் அதைச் சுற்றி எத்தனை முறை நடந்திருப்பேன் என்று கணக்கில்லை.

கடைசியில் குற்றச்சாட்டு 323க்குக் குறைக்கப்பட்டது. பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அன்றுதான் அந்தத் தனிக் கோப்பு வெளியே வந்தது. கோயில் கடிதமும் தலைமையாசிரியரின் நற்சான்றும் நியமனக் கடிதமும் ஒவ்வொன்றாக மாஜிஸ்திரேட்டின் முன் வைக்கப்பட்டன; தண்ணீர்ப்பந்தலைப் பற்றி வழக்கறிஞர் மலாயில் விளக்கியபோது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். குற்றம் நிரூபணமானாலும் தண்டனைப் பதிவு இல்லாமல் நன்னடத்தைப் பிணையில் விட வழி செய்யும் 173ஏ பிரிவை வழக்கறிஞர் கேட்டார். அது கிடைக்கவில்லை. நான்கு தையல் போட்ட காயம் என்பதை மாஜிஸ்திரேட் சுட்டிக்காட்டி, 1,500 ரிங்கிட் அபராதம் விதித்தார். ஆகவே பதிவு இருக்கிறது. இதை மறைத்து எழுதினால் மதிப்பீடு நேர்மையாக இருக்காது: 173ஏ கிடைக்க நல்ல வாய்ப்பு இருப்பதாக அவர் எங்களிடம் முன்பு சொல்லியிருந்தார், அந்தக் கணிப்பு தவறிவிட்டது. பழைய டிபிபிக்கும் மாஜிஸ்திரேட்டின் மனம் தெரியாது.

குறைகள் இன்னும் உண்டு. இரண்டாவது மென்ஷனுக்கு அவர் வராமல் இளம் வழக்கறிஞரை அனுப்பினார். அந்தப் பிள்ளைக்குப் பையனின் பெயரையே கோப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. மென்ஷனில் தேதி வாங்குவது தவிர வேறு வேலை இல்லை என்பது பிறகு புரிந்தாலும், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் கேட்கும் கேள்விகளுக்குக் கிளார்க் அக்காள்தான் பதில் போடுவார், அதுவும் அலுவலக நேரத்தில் மட்டும். கட்டண ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிப் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் அலுவலகம், தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தை இணைத்துத் தந்திருந்தால் தங்கையின் மாமனார் மூன்று பேரிடம் போய் அதைப் படித்துக் கேட்டிருக்க மாட்டார்.

கட்டணத்தில் குழப்பம் இருக்கவில்லை. தடுப்புக் காவல் விசாரணைக்கு 1,200 ரிங்கிட், அதன் பிறகு கடிதமும் மென்ஷன்களும் தண்டனை வாதமும் சேர்த்து 4,000, முழு விசாரணைக்குப் போனால் நாளுக்கு இவ்வளவு என்று படிப்படியாக எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வந்தது. முழு விசாரணைக்காக முன்பணமாக வாங்கி வைத்திருந்த 2,000 ரிங்கிட்டை, வழக்கு அதுவரை போகாததால், இரண்டு வாரத்தில் காசோலையாகத் திருப்பித் தந்துவிட்டார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதல் 1,200 ரிங்கிட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கைது, தடுப்புக் காவல் கட்டங்களில் மலேசியர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அனுப்பும் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை 2012 முதல் செயல்பட்டு வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. இதை எங்களிடம் சொன்னவரும் இந்த வழக்கறிஞர்தான், ஆனால் பணம் வாங்கிய பிறகு. கேட்டதற்கு, நீங்கள் கூப்பிட்டபோது நான் வந்துகொண்டிருந்தேன் என்று சொல்லிச் சிரித்தார். வருமானம் குறைந்த குடும்பமாக இருந்தால் முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள். வழக்கு தொடர்ந்தால் அதன் பிறகு தனி வழக்கறிஞரைப் பற்றி யோசிக்கலாம்.

எனவே இந்த அலுவலகத்தைப் பரிந்துரைப்பேனா என்றால், ஆவணமும் பதிவும் நிறைந்த, குற்றச்சாட்டின் பிரிவே தவறாக விழுந்திருப்பதாகத் தோன்றும் வழக்குகளுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். இரவில் கூப்பிட்டால் ஆறுதல் சொல்ல ஒருவர் வேண்டும் என்பவர்களுக்கும், நீதிமன்றத்தில் இடிமுழக்கம் கேட்க வேண்டும் என்பவர்களுக்கும் இது சரிப்படாது. செல்வாக்கைத் தேடிப் போகிறவர்கள் படியேறும் சிரமத்தைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் மைத்துனரின் தேநீர்க்கடை நண்பரைப் பார்த்தேன். பக்கத்து மேசையில் இருந்த யாருக்கோ அதே எண்ணை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "நம்ம பையன் கேஸ்ல பாத்தீங்கல்ல, அண்ணே? அந்தம்மா ஒரே போன்ல முடிச்சிட்டாங்க" என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.